தின்னாத முந்திரிக்கு 14 டாலர்

உ
சிவமயம்

எடிசன், நியூ ஜெர்சி
டிசம்பர் 8, 2025

அன்புள்ள அப்பச்சிக்கு,

ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா? பிள்ளையார் நோன்புக்கு இங்கே நம்மவர்கள் வீட்டில் கூடி இழை எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஊருக்கு வரமுடியாதே என்று ஆத்தா வருத்தப்பட வேண்டாம்.

நாங்கள் அனுப்பிய வாஷிங்டன் படங்களுக்கு அடியில் நீங்கள் வாட்ஸ்அப்பில் போட்டிருந்த ஒரே வரி, "ஓட்டலுக்கு என்ன ஆச்சு?" வெள்ளை மாளிகையைப் பார்த்துவிட்டு இப்படிக் கேட்கக் கொத்தமங்கலத்தில்தான் ஆள் உண்டு. பதில் போனில் அடங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நவம்பர் கடைசியில் இங்கே வான்கோழித் திருநாள். ஊரே லீவு. ரயிலேறி வாஷிங்டன் போனோம். கிளம்ப வேண்டிய அன்று விடியற்காலையில் கதவுக்கு அடியில் சரக்கென்று ஒரு தாள் நுழைந்தது. பேப்பர்க்காரனோ என்று பார்த்தால், பில். முதல் வரியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. வாலே பார்க்கிங், இரவுக்கு 58 டாலர். காரை வாசலில் வாங்கிக்கொண்டு போய் நிறுத்திவைக்கிற கூலி அது. எங்கள் கார் எடிசனில் வீட்டு வாசலில் நிற்கிறது.

அதற்குக் கீழே மினிபார். முந்திரிப் பருப்பு 14, சாக்லேட் 12, சோடாத் தண்ணீர் 9. அறைக்குள்ளேயே குட்டி ஐஸ்பெட்டியும் தின்பண்டத் தட்டும் வைத்திருப்பார்கள். அந்தத் தட்டுக்கு அடியில் சென்சார் இருக்கிறது அப்பச்சி. டப்பாவைத் தூக்கிச் சில விநாடி கையில் வைத்திருந்தாலே தின்றதாகக் கணக்கு ஏறிவிடும். உங்கள் மருமகள் தயிர்ச்சோற்று டப்பா வைக்க இடம் பண்ணினாள். பாட்டிலை ஒதுக்கினாள், முந்திரியை மேசையில் எடுத்துவைத்தாள், திரும்பவும் இருந்த இடத்திலேயே வைத்தாள். மெஷினுக்கு அவள் நாள் பூராவும் நொறுக்குத் தீனி தின்றதாகப் பட்டிருக்கிறது. சில ஓட்டல்களில் நம் சாமானை அந்தப் பெட்டியில் வைத்தால் அதற்கே தனிக் கூலியாம். தயிர்ச்சோறு தப்பித்தது.

சண்டைக்குத் தயாராகத்தான் கீழே இறங்கினேன். ஒரு கையில் ரயில் டிக்கெட், இன்னொரு கையில் சீல் உடைக்காத முந்திரி டப்பாவின் படம். உங்களைப் பெற்ற ஐயா பினாங்குக் கிட்டங்கியில் அடுத்தாளாக இருந்து ஐந்தொகை போட்டவர், ஒரு காசு இடித்தாலும் பேரேட்டை மூடமாட்டார் என்று நீங்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். கவுண்டரில் இருந்த பெண் தாளைப் பார்த்தாள். "ஓ, ஸாரி!" என்றாள். நாலு தட்டுத் தட்டினாள். புது பில் வந்துவிட்டது. பார்க்கிங்கும் இல்லை, முந்திரியும் இல்லை. டிக்கெட்டைக் காட்டக்கூட விடவில்லை. தொண்டை வரைக்கும் வந்த நியாயத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

காரைக்குடி ஜவுளிக்கடையில் ஒரு ரவிக்கைத்துணி கூடுதலாக எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். கணக்கப்பிள்ளை வருவார், முதலாளி வருவார், சிட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், எழுதின பையனைக் கூப்பிட்டு நாலு பேர் முன்னால் கேட்பார்கள், கடைசியில் நமக்கு ஒரு கலர் உடைத்துக் கொடுத்து அனுப்புவார்கள். இங்கே யார் எழுதினார்கள், ஏன் எழுதினார்கள் என்று கேட்கவே வழி இல்லை. எழுதினதும் மெஷின், அழித்ததும் மெஷின். கேட்டவனுக்குத் தள்ளிவிடுவது, கேட்காதவனிடம் வாங்கிக்கொள்வது. டாக்சியைப் பிடிக்கிற அவசரத்தில் எத்தனை பேர் கேட்பார்கள்?

இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறவன் மிச்ச வரியில் பிடித்திருப்பான் என்று நீங்கள் சொல்வீர்கள். அப்படியேதான். கீழே "டெஸ்டினேஷன் ஃபீ", இரவுக்கு 35 டாலர். எதற்கு என்றேன். இன்டர்நெட்டுக்கு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு, உள்ளூர் போனுக்கு என்றாள். அந்தக் கூடத்தின் கதவைக்கூட நான் பார்க்கவில்லை என்றேன். அதே சிரிப்போடு, "அது எல்லாருக்கும் உண்டு சார், எடுக்க முடியாது." தப்பாக எழுதினது நொடியில் போயிற்று. சரியாக எழுதினதுதான் கொள்ளை. இந்த வருஷம் மே 12 முதல் இதற்கு மத்திய சர்க்கார் விதி வந்திருக்கிறது. கட்டாயக் கூலி எல்லாவற்றையும் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். மறைக்காதே என்கிறதே தவிர, வாங்காதே என்று சொல்லவில்லை. ஆகவே, இப்போது சொல்லிவிட்டு வாங்குகிறார்கள்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 'விஸ்வரூபம்' படத்தில் கமலுக்கு வில்லனாக வந்தாரே ராகுல் போஸ், அவர் 2019 ஜூலையில் சண்டிகரில் ஒரு நட்சத்திர ஓட்டலில் இரண்டு வாழைப்பழம் கேட்டார். பில் 442 ரூபாய் 50 காசு! பழத்துக்கு 375, மிச்சம் 67.50 ஜிஎஸ்டி. பழத்துக்கு வரி கிடையாதே என்று வரி அதிகாரிகள் ஓட்டலுக்கு 25,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். அங்கேயும் பாருங்கள், அபராதம் வரிக்குத்தான். இரண்டு பழத்தை 375க்கு விற்றதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை. ஆத்தாவிடம் இந்த விலையைச் சொல்லாதீர்கள். நம் தோட்டத்துத் தாரைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவாள்.

விஷயம் அதோடு முடியவில்லை. வீடு வந்த பிறகு கிரெடிட் கார்டில் அதே ஓட்டல் பேரில் இன்னொரு 71 டாலர். கிளம்பின பிறகு கண்டுபிடித்த பாக்கியாம். போன் போட்டால் மேனேஜர் கூப்பிடுவார் என்றார்கள். மேனேஜர் கூப்பிடவில்லை. இதற்கு இங்கே 1974லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கார்டுக் கணக்கு அனுப்பிய 60 நாளைக்குள் வங்கிக்கு எழுத்து மூலமாக ஆட்சேபம் போய்ச் சேர வேண்டும். விசாரணை முடிகிற வரைக்கும் தகராறுத் தொகையைக் கட்ட வேண்டாம். வங்கியும் அதிகபட்சம் 90 நாளைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். போனில் சொன்னது சட்டத்துக்குச் செல்லாது, எழுத்துதான் செல்லும். இந்த இடத்தில் அமெரிக்காக்காரன் உங்கள் கட்சி.

தேதி, இனம், தொகை என்று கோடு போட்டு, சிட்டை மாதிரியே எழுதினேன். பழக்கதோஷத்தில் மூலையில் ஒரு பிள்ளையார் சுழியும் விழுந்துவிட்டது. தமிழ் எண் தெரிந்தவன் எவனாவது அந்த வங்கியில் இருந்தால் அதை இரண்டு என்று படித்து 73 ஆக்கிவிடப் போகிறானே என்று உங்கள் மருமகள் சிரித்தாள்.

இன்னொரு சேதி. என் ஆபீஸ் நண்பர் ஒருவர், வெள்ளைக்காரர், தை மாதம் நம் ஊருக்கு வருகிறார். சாரதா விலாஸில் அறை போட்டிருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் நம் ஊரின் அந்த வீட்டை எடுத்துப் புதுப்பித்து ஓட்டலாக்கியதைப் படித்துவிட்டு வருகிறவர். நம் வீட்டுக்கும் அழைத்துப் பட்டாலையில் உட்காரவைத்துப் பலகாரம் கொடுங்கள். பில்லில் எதற்கு இரண்டு ஜிஎஸ்டி வரி என்று கேட்டால் சொல்லுங்கள், அறை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18, பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. அந்த மட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள் அப்பச்சி. பில்லைக் கையில் வாங்கி ஒவ்வொரு வரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டாம். கூட்டித்தான் தீருவீர்கள் என்று தெரியும். மூக்குக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால் அவருக்கு இன்னொரு கந்தரப்பம் வைக்கச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு மகன்