பெட்டியைத் திறந்தால்...

அஞ்சறைப் பெட்டியில் ஏழு கிண்ணம் இருக்கிறதே, கணக்கு உதைக்கவில்லையா?

மரப்பெட்டியாக இருந்தவரை கணக்கு சரி. எவர்சில்வர் வட்ட டப்பாவாக மாறியதும் ஏழாகிவிட்டது. ஒரே அளவு வட்டங்களை எடுத்து நடுவில் ஒன்றை வையுங்கள். சுற்றிலும் சரியாக ஆறுதான் இடிக்காமல் உட்காரும். வடிவியல் பார்த்த வேலை. கூடுதலாகக் கிடைத்த இரண்டில் என்ன போடுவது என்பது அவரவர் சமையல். சீரகக் கிண்ணத்துக்கு அடியில் ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தால், பார்க்காதது போல மூடிவிடுங்கள்.

பிஸ்கட் டின்னில் என் மனைவி ஊசி நூல் வைப்பது ஏன்?

பிஸ்கட் வைத்தால் நீங்கள் மிச்சம் வைப்பீர்களா?

பீரோ, அலமாரி... எது சார் தமிழ்?

பீரோ பிரெஞ்சு. அங்கே அது எழுதும் மேசைக்கும் அலுவலகத்துக்கும் பெயர். அலமாரி போர்ச்சுகீசியர் தந்தது. சாவியாவது நம்முடையதா என்றால், அதுவும் அவர்களுடையதே. நம்முடையது திறவுகோல், அதைத்தான் தொலைத்துவிட்டோம்.

'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்கிறார்களே, குதிருக்குள் ஆள் ஒளிய முடியுமா?

தாராளமாக. களிமண் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்புவார்கள். மேல்வாயில் நெல்லைக் கொட்டி, அடியில் உள்ள துளை வழியாக எடுப்பார்கள். பழைய நெல் முதலில் வரும். ஆனால் அப்பன் உள்ளே நிற்கிறார் என்றால் நெல் இல்லை என்று அர்த்தம். கடன்காரருக்குப் பையன் சொல்லாமல் சொன்னது அதைத்தான்!