விண்வெளியில் தண்ணீரில் கண்டம்!

கே: செவ்வாய்க்குப் போகும் வழியில் விண்கலத்தை விட்டு வெளியே வந்து வேலை பார்க்கும் வீரருக்கு என்ன ஆபத்து?

ப: கதிர்வீச்சு, வெற்றிடம் என்பீர்கள். தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! 2013 ஜூலையில், பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்கு வெளியே இத்தாலிய வீரர் லூகா பர்மிட்டானோ மூழ்கப் பார்த்தார். உடையைக் குளிர்விக்கும் தண்ணீர் ஹெல்மெட்டுக்குள் புகுந்துவிட்டது. எடையற்ற இடத்தில் அது கீழே வடியாது. கண், மூக்கு, காது என்று முகத்தில் அப்பிக்கொள்ளும். தட்டுத்தடுமாறி உள்ளே வந்து பிழைத்தார். பிறகு நாசா ஹெல்மெட்டில் உறிஞ்சு பட்டையும் மூச்சுக்குழாயும் பொருத்தியது.

அன்று ஹூஸ்டனில் உள்ள நாசா கட்டுப்பாட்டு மையத்திடம் உடனுக்குடன் யோசனை கேட்க முடிந்தது. செவ்வாய் தூரத்தில் இருக்கும்போது கூப்பிட்டால், குரல் பூமிக்கு வரவே சில சமயம் 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பதிலுக்கு இன்னொரு 20. ஆகவே அங்கே டாக்டர், மெக்கானிக், 108 எல்லாமே பக்கத்தில் மிதக்கும் சகாதான். கிளம்பும் முன்பே அவரோடு சண்டை சச்சரவைத் தீர்த்துக்கொள்வது உத்தமம்!