காசு கொடுத்து உப்பு வாங்குகிறேன், அத்தான்

கிச்சினர், ஒன்ராறியோ

அன்புள்ள அத்தானுக்கு,

போன கிழமை வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினபோது பேஸ்மென்ட் மூலையில் நின்ற உருளையைக் கண்டு, "உதென்ன, காஸ் சிலிண்டரோ?" என்று கேட்டீர்கள். சொல்ல வாய் திறக்க லைன் அறுந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். போனில் சொல்லியிருந்தால் எனக்குக் குளிர் மண்டைக்கு ஏறிவிட்டது என்று அக்காவிடம் சொல்லியிருப்பீர்கள். அது தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைக் கழுவுகிற மிசின். அதற்குத் தீனி உப்பு. அந்த உப்பை நான் காசு கொடுத்து வாங்குகிறேன்.

சிரித்து முடித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கோ.

எங்கள் யாழ்ப்பாணத்தில் காணி வாங்கினாலும் சீதனம் பேசினாலும் கிணறு நல்ல தண்ணியோ சவரோ என்றுதானே முதல் விசாரணை. இப்போது தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்க ஒரு நிலையமே கட்டி 2024 ஓகஸ்டில் திறந்திருக்கிறார்கள். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் எடுக்கலாமாம். உப்பைத் துரத்த இவ்வளவு பாடுபடுகிற குடாநாட்டில் பிறந்தவன், இங்கே 20 கிலோ உப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் சறுக்கிச் சறுக்கி வருகிறான்.

ரொறன்ரோவில் இருக்கிற எங்கள் சனத்துக்கு இந்தக் கரைச்சல் இல்லை. அவர்களுக்கு ஒன்ராறியோ வாவித் தண்ணீர். இங்கே கிச்சினர் வட்டாரத்தில் குழாயில் வருவது பெரும்பாலும் நிலத்தடி நீர். கொஞ்சம் கிராண்ட் ஆற்றிலிருந்து. நிலத்தடி நீர் என்றால் சுண்ணாம்பும் கூடவே வரும். பிளேன் ஏறி இவ்வளவு தூரம் வந்தும், கேத்திலின் அடியில் இணுவிலில் பிடித்த அதே வெள்ளைப் பொருக்கு!

மிசினின் வேலை பண்டமாற்று வியாபாரம்தான். உருளைக்குள் கடுகிலும் சிறிய பிளாஸ்ரிக் மணிகள் நிரம்பிக் கிடக்கும். மணிகளில் சோடியம் ஒட்டியிருக்கும். தண்ணீர் அதற்குள்ளால் போகும்போது ஒரு கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு இரண்டு சோடியத்தை விடும். மணிகள் நிரம்பியதும் பக்கத்துத் தொட்டியிலிருந்து உப்புக் கரைசலை உறிஞ்சித் தன்னைத் தானே கழுவி, அழுக்கைக் கானுக்குள் தள்ளிவிடும். இந்தத் திருவிழா நடப்பது இரவு 2 மணிக்கு, தண்ணீர் பாவிக்காத நேரம் பார்த்து. மாமி வந்து நின்ற முதல் கிழமை, கீழே கள்ளன் முழுகுகிறான் என்று என்னை எழுப்பினா.

அதே மாமி குளியலறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. "தம்பி, எவ்வளவு ஊத்தினாலும் சவுக்காரம் போகுதில்லையடா, உடம்பெல்லாம் வழுவழுக்குது" என்கிறா. ஊர்த் தண்ணீரில் நுரைக்காத சவுக்காரத்தோடு எழுபது வருடம் மல்லுக்கட்டியவ. இந்தத் தண்ணீரின் வழுவழுப்பு அவவுக்குப் பிடிபடவில்லை. பெருவிரல் அளவு சவுக்காரம் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். மருமகன் சவுக்காரத்தில் கஞ்சத்தனம் பிடிக்கிறான் என்று ரொறன்ரோ வரைக்கும் கதை போய்விட்டது.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. தொட்டியைத் திறந்தால் உப்பு நிறைய இருக்கிற மாதிரித் தெரியும். தண்ணீரோ பழையபடி சுண்ணாம்போடு வரும். மேலே உப்பு ஈரம் பிடித்து இறுகி ஒரு கூரை போட்டிருக்கும், கீழே வெறும் பொந்து. தும்புத்தடியைத் திருப்பிப் பிடித்து மெல்லமெல்ல இடித்து உடைக்க வேண்டும். ஓங்கி இடித்தால் தொட்டி வெடிக்கும். அதனால் தொட்டி முட்ட உப்புக் கொட்டுவதில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திவிடுவேன். சமையலறைக் குளிர்நீர்க் குழாயும் தோட்டத்துக் குழாயும் மிசினுக்குள்ளால் போகாது. தேத்தண்ணிக்கும் என் கறிவேப்பிலைச் சாடிக்கும் சுண்ணாம்புத் தண்ணீர்தான்.

உப்புக்கு இங்கே பஞ்சமில்லை. கோடெரிச் என்கிற ஊரில் 1866இல் எண்ணெய் தேடித் துளைத்தவர்களுக்கு உப்புக் கிடைத்ததாம். இப்போது ஹியூரன் வாவிக்கு அடியில், சுமார் 550 மீற்றர் ஆழத்தில் இறங்கி வெட்டுகிறார்கள். நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகிலேயே பெரியது அதுதான். ஆனையிறவு உப்பளத்தில் உப்பு விளைய எங்களுக்கு வெயிலே காணும். வெயில் தன்பாட்டில் எறித்துக்கொண்டிருக்க, 1990இல் சண்டைதான் அந்த உப்பளத்தை நிறுத்தியது.

இனி உங்கள் மகன், என் மருமகன், கேட்டதற்கு வருகிறேன். "மாமா, உதில ஒண்டு இணுவில் வீட்டுக்கும் பூட்டுவமோ?" என்று எழுதியிருந்தான். வேண்டாம் என்று சொல்லுங்கோ. மிசின் கழுவித் தள்ளுகிற உப்புத் தண்ணீர் இங்கே கழிவுநீர் நிலையத்துக்குப் போகிறது. அங்கேயும் உப்பைப் பிரித்தெடுக்க வழியில்லை, நேரே கிராண்ட் ஆற்றில்தான் சேரும். அதனால்தான் உப்பைக் குறையுங்கோ, மிசினைத் தேவைக்கு மேல் முடுக்காதையுங்கோ என்று எங்கள் பிராந்தியக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இணுவிலில் ஆறு எங்கே? பின்வளவுக் குழிக்குள் விட்டால் சுண்ணாம்புக் கல்லின் பொந்துகளுக்குள்ளால் இறங்கி உங்கள் கிணற்றுக்கே வரும், அயலவன் கிணற்றுக்கும் போகும்.

குடாநாட்டு நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது உங்களுக்குத் தெரியாததா? கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். இறைக்கிற மிசினை விடிய விடிய ஓட்டுகிற எங்கள் ஆட்கள் ஏற்கெனவே அந்த உப்பை மேலே கூப்பிடுகிறார்கள். நாங்கள் வேறு மேலிருந்து ஊற்றவோ?

கேத்தில் பொருக்குக்குத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைத்தால் கழன்றுவிடும். மருமகனுக்கு மிசினில் அவ்வளவு ஆசை என்றால் வரச் சொல்லுங்கோ. எனக்கும் நாரி பிடித்துவிட்டது, உப்புப் பை தூக்க ஆள் தேவை.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்