உள்ளேன் ஐயா

போன மாதம் ஒரு கருத்தரங்கு. ஏ.சி. அரங்கம். முந்திரி கேக், மிக்சர், டம்ளரில் காபி. தலைப்பு, 'கட்டாயக் கல்வி குழந்தைகளுக்கு நல்லதா?'

பேச வந்தவர் நல்லதே இல்லை என்றார். பள்ளிக்கூடம் ஒரு சிறை. மணியடித்தால் எழுவதும் மணியடித்தால் உட்காருவதும் ஆலைத் தொழிலாளியைத் தயாரிக்கிற வேலை. பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். மண்ணைத் தொட விடுங்கள். பட்டாம்பூச்சியிடம் பாடம் கேட்க விடுங்கள். கைதட்டினோம். நானும் தட்டினேன். கேக் நன்றாக இருந்தது.

வெளியே வந்தால், ஐயா செல்போனில் யாருக்கோ நல்ல செய்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துவிட்டதாம். பட்டாம்பூச்சி சிபாரிசுக் கடிதம் கொடுத்திருக்கும்.

பின்பக்கக் குழாயடியில் ஒரு பையன், நாங்கள் காபி குடித்த டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வயது இருக்கும். கேட்டரிங்காரர் கூட்டி வந்த பையன். அன்று வெள்ளிக்கிழமை, பள்ளி வேலை நாள். அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவன் போக்கில் விட்டிருந்தார்கள்.

நூறு வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். தன் பிள்ளைக்காக யாரும் கேட்டதில்லை. எப்போதும் அடுத்தவன் பிள்ளைக்குத்தான்.

1911இல் கோபால கிருஷ்ண கோகலே மத்திய சட்டசபையில் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தார். அதையும் உள்ளாட்சிகள் விரும்பினால், கொஞ்சம் கொஞ்சமாக, என்று மென்று முழுங்கித்தான் கேட்டார். பிரிட்டிஷ் அரசு பணமில்லை என்றது. மக்கள் இதைக் கேட்கவே இல்லையே என்றது. தன் நாட்டில் 1880இலேயே பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பவைத்த அரசு அது. பரோடா மன்னர் சாயாஜிராவ் 1906இலேயே தன் சமஸ்தானத்தில் கொண்டுவந்துவிட்ட சட்டம் அது. 1912 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 13, எதிர்ப்பு 38. எதிர்த்தவர்களில் அதிகாரிகள் உண்டு, நம்மவர்களும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது.

1953இல் முதலமைச்சர் ராஜாஜிக்கு அதே அக்கறை வேறு வடிவத்தில் வந்தது. மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் அப்பன் தொழில். வக்கீல் பிள்ளை மத்தியானம் என்ன செய்யும் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. திட்டம் கிராமத்துப் பள்ளிகளுக்கு மட்டும்தான். குலக்கல்வி என்று பெயர் விழுந்தது. மறு ஆண்டு பதவியும் போனது, திட்டமும் போனது.

திட்டம் போனது என்று நிம்மதியாக இருப்பவர்கள், 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தைப் படிக்கவும். பதினான்கு வயதுக்குள் எந்தப் பிள்ளையையும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆனால் பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும், ஆபத்தானது என்று பட்டியலிடாத குடும்பத் தொழிலில் 'உதவலாம்'. அது உதவியா வேலையா என்று வீட்டுக்குள் யார் போய்ப் பார்ப்பார்கள்? ராஜாஜியாவது மூன்று மணிக் கணக்கைத் திட்டமாகவே அறிவித்து, திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஆகவே என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயக் கல்வி நல்லது. அந்த டம்ளர் பையனுக்கு ரொம்ப நல்லது. ஆனால் அந்தக் கட்டாயம் யாருக்கு?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 'இலவச மற்றும் கட்டாயக் கல்வி' என்றுதான் பெயர். எட்டாவது பிரிவில் கட்டாயம் என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி கொடுப்பதும், அது பள்ளியில் சேர்வதையும் தொடர்ந்து வருவதையும் படித்து முடிப்பதையும் உறுதி செய்வதும் அரசின் கடமை. அரசின் கட்டாயம். பிள்ளைக்கு அல்ல. பெற்றோருக்கும் கடமை உண்டு, பத்தாவது பிரிவில் ஒரு வரி. தவறினால் தண்டனை கிடையாது. அரசு தவறினாலும் தண்டனை கிடையாது. சமத்துவம் என்றால் இதுதான்.

அந்தச் சட்டமும் எப்போது வந்தது? 1950இல் அரசியல் சாசனத்தின் 45ஆவது பிரிவு பத்து ஆண்டு கெடு வைத்தது. பதினான்கு வயது நிறையும்வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. கணக்குப்படி 1960. நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. தேதியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுப்பாடத்தை ஐம்பது வருஷம் தாமதமாகக் கொண்டுவந்த மாணவனை வாத்தியார் என்ன செய்வார்? அதுவும் முழுசாகக் கொண்டுவரவில்லை. சாசனம் சொன்ன பதினான்கு வருஷத்தில் முதல் ஆறு வருஷத்தை 2002ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே நறுக்கிவிட்டார்கள். ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு உரிமை இல்லை. அரசு 'முயற்சி செய்யும்'. நறுக்கிய இடத்தில் என்ன முளைத்தது தெரியுமா? எல்.கே.ஜி.

என் தம்பி மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போயிருந்தோம். மூன்றரை வயது. பள்ளிச் சேர்க்கைக்கு நேர்முகத் தேர்வு வைக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய்வரை அபராதம். அதனால் அந்தப் பள்ளியில் நேர்முகத் தேர்வு இல்லை. அதன் பெயர் 'இன்டராக்‌ஷன்'. கண்ணாடி மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். கார்ன்ஃப்ளேக்ஸ் என்று சொல்லவைக்க என் தம்பி மனைவி ஒரு வாரம் பாடுபட்டிருந்தாள். குழந்தை யோசித்தது. அம்மா முகத்தைப் பார்த்தது. "பழைய சோறு. மோர்மிளகா" என்றது. மேசைக்குப் பின்னால் ஒரு புன்னகை. அதற்குப் பிறகு குழந்தையிடம் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியிடம் கேட்டார்கள். சொந்த வீடா, வாடகையா? அம்மா வேலைக்குப் போகிறாரா? கட்டட நிதிக்கு என்ன உத்தேசம்? அதற்கு ரசீது கிடையாது என்பதை யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அங்கே ஒரு பருவக் கட்டணம் 25,000 ரூபாயைவிட அதிகம். அபராதம் விதித்தால் சில்லறையாகக் கொடுத்துவிடலாம்.

இலவசம் அப்படி. கட்டாயம் எப்படி என்று பார்க்க ஓர் ஈராசிரியர் பள்ளிக்குப் போங்கள். நான் போனது எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கிராமம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்தார். இன்னொருவர் வேப்பமரத்தடியில் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். சிக்னல் தேடுகிறார். அரசின் எமிஸ் செயலியில் பிள்ளைகளின் வருகையைப் பதிவு செய்ய வேண்டும். சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே ஐந்து வகுப்பும் ஒரே அறையில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு விளக்கம் சொன்னாள்: "டீச்சர் எமிஸ் போடுறாங்க. முடிஞ்சாதான் பாடம்." அந்தப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்பதை அரசுக்கு நிரூபிப்பதிலேயே அவர்கள் வந்த காலைப்பொழுது போய்விட்டது. கழிப்பறை இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது.

ஆசிரியரைக் கற்பித்தல் அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. விதிவிலக்கு மூன்றே மூன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல். இந்த நாட்டில் பின்னிரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது சிரமம், அது போகட்டும். உள்ளாட்சி, சட்டமன்றம், நாடாளுமன்றம், இடைத்தேர்தல், வாக்காளர் பட்டியல் சேர்ப்பு, நீக்கம், திருத்தம். ஒரு வாக்காளரின் பெயர்கூட விட்டுப்போகக் கூடாது என்று வீடு வீடாக ஆசிரியரை அனுப்புகிறோம். வாக்காளர் ஆக இன்னும் பத்து வருஷம் இருக்கிற ஆட்கள் வகுப்பில் காத்திருக்கலாம்.

நியாயமாகப் பேச வேண்டும். காமராஜர் மதிய உணவு கொடுத்தார். எம்.ஜி.ஆர். 1982இல் சத்துணவு கொடுத்தார். 2022இல் ஸ்டாலின் காலை உணவையும் சேர்த்தார். சோறு போட்டால் பிள்ளை வரும் என்று நாட்டுக்கே காட்டியது இந்த மாநிலம். வந்த பிள்ளையை என்ன செய்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

2011 ஞாபகம் இருக்கிறதா? மே மாதம் ஆட்சி மாறியது. சமச்சீர் கல்விப் புத்தகங்கள் அச்சாகித் தயாராகக் கிடந்தன. முந்தைய ஆட்சியின் புத்தகம் என்பதால் வேண்டாம் என்றார் ஜெயலலிதா. ஜூன் நடுவில் பள்ளி திறந்தது. புத்தகம் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போனது, உச்ச நீதிமன்றம் போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் புத்தகத்தைக் கொடு என்றது. ஏறக்குறைய இரண்டு மாதம் பிள்ளைகள் கட்டாயமாகப் பள்ளிக்கு வந்து கட்டாயமாகச் சும்மா இருந்தார்கள். கடைசியில் புத்தகம் வந்தபோது, கருணாநிதி சம்பந்தப்பட்ட பகுதிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எந்தப் பிள்ளை அதைப் பிய்த்துப் பார்க்காமல் விடும்? அந்த வருஷம் மாணவர்கள் சொந்த ஆர்வத்தில் படித்த ஒரே பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது நாம் முன்னேறிவிட்டோம். அன்று ஓர் அரசு தடுத்தது. 2025இல் இரண்டு அரசுகள் சேர்ந்து தடுத்தன. தன் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. பணம் வரவில்லை என்று கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்கு மாநில அரசு விண்ணப்பமே வாங்கவில்லை. ஏப்ரல் போனது. ஜூனில் பள்ளி திறந்தது. டெல்லி சென்னையைக் காட்டியது, சென்னை டெல்லியைக் காட்டியது. அப்பனும் ஆத்தாளும் பேசாமல் இருந்தால் பிள்ளை பட்டினி. சேர்க்கை தொடங்கியது அக்டோபரில், காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு. சட்டம் அமலுக்கு வந்து பதினைந்து வருஷம். எட்டாவது பிரிவு அப்படியேதான் இருந்தது. அதைப் படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

அரசாங்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு முறை ஒரு கட்டாயம் வைத்துப் பார்த்தார்கள். 2015 ஆகஸ்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. உத்தரப் பிரதேசத்தில் அரசு ஊழியர்கள், மக்கள் பிரதிநிதிகள், நீதித்துறையில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும். சேர்த்தால் தானாகவே கூரை வரும், குழாயில் தண்ணீர் வரும், கழிப்பறைப் பூட்டு திறக்கும் என்பது எளிய கணக்கு. எத்தனை ஐ.ஏ.எஸ். பிள்ளைகள் சாக்குப்பை விரித்து உட்கார்ந்தார்கள் என்று நீங்கள் கேட்கப்போவதில்லை. நானும் சொல்லப்போவதில்லை. அந்த உத்தரவைக் கண்டு, கட்டாயம் குழந்தைகளுக்கு நல்லதா என்று யாரும் கருத்தரங்கு நடத்தவில்லை. ஓசைப்படாமல் மடித்து உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஆக, இந்த நாட்டில் கட்டாயம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுத்தவர்கள் ஒரே ஒரு தரப்புதான். காலை எட்டரைக்கு அவர்களைப் பாருங்கள். ஏழு பேர் ஏற வேண்டிய வேனில் பதினைந்து பேர். தன் முதுகைவிடப் பெரிய பை. சீருடையில் காலை உணவின் கறை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்று சொல்கிறார்கள். நாள் தவறாமல் சொல்கிறார்கள்.

2004 ஜூலை 16 அன்றும் சொன்னார்கள். கும்பகோணத்தில், கீற்றுக்கூரை போட்ட ஒரு பள்ளியில். பெற்றோர் நேரத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகள் நேரத்துக்கு வந்திருந்தார்கள். சமையலறைத் தீ கூரையைப் பிடித்தபோது அவர்கள் வகுப்பில்தான் இருந்தார்கள். இறங்குவதற்கு இருந்தது குறுகலான படி. செத்தவர்கள் 94 பேர்.

வழக்கில் தீர்ப்பு வந்தது 2014 ஜூலை 30. முதல் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்து வெளியே போகும் காலம்.