துண்டு போடுதலும் திரை பூட்டுதலும்: ஓர் ஒப்பீட்டாய்வு

கருதுகோள்

பேருந்து நிற்பதற்குள் சன்னல் வழியே துண்டை எறிந்து இடம் பிடிப்பது நம் தொன்மரபு. ஆள் இல்லை, ஆனால் இடம் அவருடையது. கணினித் திரையை லாக் செய்வதும் இம்மரபின் பாற்பட்டதே. லாக்-அவுட் என்பதோ இடத்தை விட்டுக்கொடுத்து இறங்கிப் போவது. திறந்திருந்த எக்செல் முதல் அத்தனையும் மூடப்படும். லாக் செய்தால் டவுன்லோடு அதுபாட்டுக்கு ஓடும். திரும்பி வந்து பாஸ்வேர்டை அடித்தால், கர்சர் விட்ட இடத்திலேயே கண்சிமிட்டும்.

வரலாறு

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை மறுபடி தொடக்க, கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் கூட்டணியை அமைத்தவர் டேவிட் பிராட்லி. கை தவறி அமுங்கிவிடக் கூடாதென்றே தள்ளித் தள்ளி இருக்கும் விசைகளைத் தேர்ந்தார். பின்னாளில் விண்டோஸ் என்டியில் பூட்டுவதற்கும் அதுவே வாசலானது. 1994-இல் மைக்ரோசாப்ட் நேச்சுரல் கீபோர்டில் விண்டோஸ் விசை பிறந்தது. 2001-இல் வந்த எக்ஸ்பி அதற்கு 'எல்'லைத் துணை சேர்த்தது. மூன்று இரண்டாயிற்று.

அளவை

வழக்கமான கீபோர்டில் இடப்பக்க விண்டோஸ் விசைக்கும் எல்லுக்கும் இடைவெளி ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். ஒரு சாணுக்கும் குறைவு. ஆகவே இடக்கைச் சுண்டுவிரலை விண்டோஸிலும் கட்டைவிரலை எல்லிலும் வைத்தால், வலக்கை டீ கிளாஸுக்கு மிச்சம்.

மேக்கில் கன்ட்ரோல்-கமாண்ட்-கியூ. கன்ட்ரோல் விடுபட்டால் செயலி மூடிக்கொள்ளும். அதற்குப் பதில் ஷிஃப்ட் விழுந்தால் லாக்-அவுட் செய்யவா என்று கேட்கும். துண்டு போடப் போய் டிக்கெட்டைக் கிழித்த கதை.

கள ஆய்வு

டீக்கு எழுவோர் மூவகையினர். எழும்போதே பூட்டுவோர் தலை. மானிட்டர் பட்டனை மட்டும் அணைத்துவிட்டுப் பூட்டியதாக நம்புவோர் இடை. திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கதவைத் தாழிட்டதாக எண்ணுபவர்கள். "ரெண்டு நிமிஷம்தானே" என்போர் கடை.

கடைவகைக்கு இக்கட்டுரையாளரே சான்று. வடை ஆறுவதற்குள் திரும்பியும், என் பெயரில் டீம் முழுவதற்கும் ஒரு மெயில் போயிருந்தது: "நாளைக்கு எல்லாருக்கும் பிரியாணி. என் செலவு." முதல் பதில் உடனே வந்தது: "அண்ணா, எனக்கு லெக் பீஸ்." பக்கத்து சீட்டுத் தம்பி மும்முரமாகக் கோடிங் அடித்துக்கொண்டிருந்தான், அவ்வளவு மும்முரத்தை அவனிடம் அதற்கு முன் கண்டதில்லை.

முடிவு

கருதுகோள் பாதிதான் நிறுவப்பட்டது. துண்டுக்குக் காவல் அடுத்தவர் மனசாட்சி. திரைக்குக் காவல் பாஸ்வேர்டு. சக ஊழியரிடம் முன்னதை எதிர்பார்க்கலாகாது.

ஆய்வின் குறை ஒன்றுண்டு. மட்டனா சிக்கனா என்று அம்மெயிலில் குறிப்பில்லை. அது மேலாய்வுக்கு உரியது, செலவு கட்டுரையாளருடையது.