செகண்ட் ஹேண்ட் சக்கரவர்த்திகள்

ஆபீசுக்குப் பழைய சர்வர் வாங்கலாம் என்று மீட்டிங்கில் சொல்லிப் பாருங்கள். முதலாளியின் முகம், மருமகள் கழுத்தில் கவரிங் நகையைக் கண்ட மாமியார் முகமாக மாறும். "நம்ம ஸ்டேட்டஸ் என்னாவது?" என்பார். ஸ்டேட்டஸா? கம்ப்யூட்டர் உலகத்து மகாராஜாக்களின் பரணில் கொஞ்சம் ஏறிப் பார்ப்போம், வாருங்கள். அங்கே கிடப்பதில் பாதி, அடுத்தவர் கழித்துப்போட்டது!

முதலில் ஐ.பி.எம். 1951-லேயே இந்தியாவில் கடை விரித்த கனவான். 1959-ல் இவர் அறிமுகப்படுத்திய 1401 என்ற மெஷின் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. ஐந்தே வருடத்தில் சிஸ்டம் 360 என்ற புது அவதாரம் வர, வாடகைக்குப் போன 1401-கள் வரிசையாகத் திரும்பி வந்தன. இத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? இருக்கவே இருக்கிறது இந்தியா!

பழைய மெஷின்கள் கப்பலேறின. பம்பாய்த் தொழிற்சாலையில் அவற்றைத் துடைத்து, பழுது பார்த்து, மினுக்கி, மறுபடி வாடகைக்கு விட்டார்கள். நம்மவர்களும் அதற்கு ஏ.சி. போட்ட அறை கொடுத்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். அமெரிக்கா ரிட்டையர் பண்ணி அனுப்பிய ஆசாமிக்கு நம் ஊரில் கருவறை!

'ஏன் சார், பழசையே தள்ளிவிடுகிறீர்கள்?' என்று டெல்லி கேட்டது. ஒரு தேசம் படிப்படியாகத்தான் வளர வேண்டும் என்கிற தினுசில் பதில் வந்தது. அடடா, என்ன அக்கறை! எல்.கே.ஜி.க்கும் காலேஜ் ஃபீஸ் வாங்கிய அக்கறை.

1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், வெளிநாட்டுக் கம்பெனிகள் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றது. ஐ.பி.எம். முடியாது என்றது. ஜனதா ஆட்சியில் தொழில் அமைச்சராக ஜார்ஜ் ஃபெர்னாண்டஸ் வந்து சேர்ந்தார். 1978-ல் கனவான் பெட்டி கட்டினார். ஆனால் அவர் கட்டிய பெட்டியில் 1401-கள் இல்லை! அவற்றைப் பராமரிக்கும் வேலை சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, அடுத்தவன் விட்டுப்போனதை உருட்டிப் பழகிய அதே சி.எம்.சி.தான் 1986-ல் டெல்லியில் ரயில் ரிசர்வேஷனைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. தத்கல் டிக்கெட் கிடைக்காதபோது யாரைத் திட்டுவது என்று இப்போது தெரிந்திருக்கும்.

அடுத்து கூகுள். ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ், செர்கே பிரின் என்று இரண்டு மாணவர்கள். 1996 வாக்கில், இன்டர்நெட் முழுவதையும் டவுன்லோட் செய்யப் போகிறோம் என்று கிளம்பினார்கள். கையில் காசு கிடையாது. யுனிவர்சிட்டிக்குப் புது கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கும் இடத்தில் போய் நிற்பார்களாம். யாருடைய பெட்டியை எடுத்தால் அவர் கேட்க மாட்டார் என்று நோட்டம் பார்த்து, 'கடன்' வாங்கிக்கொள்வார்களாம். தலா 4 ஜி.பி. வீதம் பத்து ஹார்ட் டிஸ்க் சேர்ந்தது. அவற்றை அடுக்கிவைத்தது எதில் தெரியுமா? குழந்தைகள் விளையாடும் லெகோ கட்டைகளால் கட்டிய கூண்டில்!

கம்பெனி ஆன பிறகாவது திருந்தினார்களா? 1999-ல் மலிவு மதர்போர்டுகளை வாங்கி, கீழே கார்க் ஷீட் விரித்து, மேல்மூடியே இல்லாமல் நெருக்கியடித்து ராக்கில் செருகினார்கள். அதில் ஒன்று இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீங்களும் நானும் அப்படிச் செய்தால் ஃபயர் சர்வீஸ் வரும். அவர்கள் செய்தால் மியூசியம் வருகிறது.

இவர்களுக்கு நேர் எதிர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 'டாட்காமில் இருக்கும் அந்த டாட் நாங்கள்தான்' என்று மார்தட்டி விளம்பரம் செய்தவர்கள். அப்போதெல்லாம் ஒரு ஸ்டார்ட்அப் ஆரம்பிப்பதென்றால் முதலீட்டாளரிடம் பணம் வாங்க வேண்டும், மறுநாளே சன் சர்வர் வாங்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன தொழில் என்று யோசிக்கலாம். 2000-ல் குமிழி உடைந்தது. திவாலான கம்பெனிகளின் சன் சர்வர்கள், புது மெருகு கலையாமலே, ஈபேயில் அடிமாட்டு விலைக்கு வந்து குவிந்தன. சன் சேல்ஸ்மேனுக்குப் போட்டியாக நின்றது யார்? போன வருஷம் அவரே விற்ற சர்வர்!

2010-ல் ஆரக்கிள் சன்னை விழுங்கியது. மென்லோ பார்க்கில் சன் இருந்த வளாகத்துக்கு 2011-ல் ஃபேஸ்புக் குடிவந்தது. வாசலில் இருந்த சன் பலகையை அவர்கள் கழற்றி எறியவில்லை. மறுபக்கம் திருப்பி, 'லைக்' கட்டைவிரலைப் போட்டார்கள். 'கர்வம் பிடித்தால் நமக்கும் இதே கதிதான்' என்று ஊழியர்களுக்கு நினைவூட்டவாம். போர்டு வாங்கும் செலவு மிச்சமானதை யாரும் நினைவூட்டவில்லை.

நாசா? அவர்களுமா? அவர்களும்தான். விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ராக்கெட்டைச் சோதிக்கும் கருவிகளுக்கு 8086 சிப் தேவைப்பட்டது. 1978-ல் வந்த சிப் அது, கிடைப்பதே அரிது. 2002-ல் ஈபே உட்படக் கிடைத்த இடமெல்லாம் தேடினார்கள். நிலாவுக்கு ஆள் அனுப்பியவர்கள், ஏலத்தில் நாலு டாலர் கூடுதலாகக் கேட்கலாமா என்று யோசித்த காட்சியைக் கற்பனை செய்யுங்கள்.

சர்வர் சரி, கரன்ட் போனால்? அதற்கும் ஒரு மகான் இருக்கிறார். தாமஸ் ஆல்வா எடிசன். 1882-ல் நியூயார்க்கில் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையத்தைத் தொடங்கிய கையோடு, பேட்டரியில் மின்சாரத்தைச் சேமிப்பதெல்லாம் ஊரை ஏமாற்றும் வேலை என்று பேட்டி கொடுத்தார். பதினாறு வருடம் போனது. தானே பேட்டரி செய்யக் கிளம்பினார்! 1903-ல் விற்பனைக்கு விட்டது ஒழுகியது. திரும்ப வாங்கிக்கொண்டு, இன்னும் சில வருடம் போராடி ஜெயித்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் காசு கொட்டியதே அந்த 'ஏமாற்று வேலை'தான்.

நாம் எடிசனையும் தாண்டியவர்கள். 25 டிகிரியில் வைக்கச் சொன்ன யு.பி.எஸ். பேட்டரியை மாடிப்படிக்கு அடியில், 35 டிகிரி வேக்காட்டில் வைப்போம். ஆயுள் பாதியாகிவிடும். அப்புறம் 'செகண்ட் ஹேண்ட் யு.பி.எஸ்.ஸே இப்படித்தான்' என்று தீர்ப்பு வழங்குவோம். யு.பி.எஸ். பழசாக இருந்தால் பரவாயில்லை, பேட்டரி மட்டும் புதுசாகப் போடய்யா என்று மெக்கானிக் சொன்னது யார் காதிலும் ஏறாது.

கடைசியாக, இத்தனை பேரையும் தூக்கிச் சாப்பிட்ட மாவீரர். 1987 டிசம்பர். கனெக்டிகட் மாநிலத்தில் ட்ரம்புல் என்ற ஊரில் நாஸ்டாக் பங்குச் சந்தையின் கம்ப்யூட்டர் மையம். ஒரு அணில் மின்கம்பியில் கைவைத்தது. சந்தை 82 நிமிடம் படுத்துவிட்டது! பாடம் கற்றிருப்பார்கள் என்கிறீர்களா? 1994 ஆகஸ்டில் இன்னொரு அணில். பேக்கப் கைகொடுக்கவில்லை. இம்முறை 34 நிமிடம். முன்னேற்றம்தான்.

2021-ல் நம் தமிழ்நாட்டு மின்துறை அமைச்சர் கரன்ட் கட்டுக்கு அணிலைக் காரணம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தோமே, மீம் போட்டோமே! வால் ஸ்ட்ரீட்டில் ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலாளிமாரே, சர்வரின் வயதை விடுங்கள். பேட்டரியில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். பிறகு ஒரு வேலைநாளில், காலை பதினோரு மணிக்கு, மெயின் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். தைரியமில்லையா? பரவாயில்லை. அந்த டெஸ்ட்டை அணில் இலவசமாகவே செய்து கொடுக்கும். தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லாது.