ஆசைக்குத் துடைத்தலும் காசுக்குத் துடைத்தலும்: ஒரு சாஸ்திர விசாரணை

எந்தச் சாஸ்திரத்தை ஆரம்பிப்பதானாலும், அதன் விஷயம் என்ன, அதைப் படிக்கும் அதிகாரி யார், நூலுக்கும் விஷயத்துக்கும் சம்பந்தம் யாது, படித்தவனுக்குப் பிரயோஜனம் என்ன என்ற நான்கையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது பூர்விகர்கள் வகுத்துவைத்த நியதியாகையால், நாமும் அதற்குக் கட்டுப்பட்டுச் சொல்லிவிடுகிறோம். விஷயம், சொந்த ஆசைக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் கார் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் அதையே ஜீவனோபாயமாக்கிக்கொள்வது. அதிகாரி, இரண்டு வாளிகளும் சில துணிகளும் உடையவனும், மாதச் சம்பளம் வரும் உத்தியோகத்தை இன்னும் விடாதவனுமான கிருகஸ்தன். சம்பந்தம், அப்படிப்பட்ட அன்பர் ஒருவர் சென்னையில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டிடத்தில், நம் ஜன்னலுக்கு நேர் கீழே, தம் தவத்தை நடத்திவருவது. பிரயோஜனம், போகப் போகத் தெரியும்.

சென்னை மாநகரில் கார் சுத்தம் செய்வோரிடையே படிநிலைகள் உண்டு. விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பனியன் வேஸ்டுமாக வந்து, அந்த ஒரே வாளியைக்கொண்டு தெருவிலுள்ள கார்களுக்கெல்லாம் ஸ்நானம் செய்வித்து, மாதம் பிறந்ததும் வீடு வீடாகக் கூலி வாங்கிப் போகிறவர்கள் ஒரு சாரார்; பம்பு வைத்துப் பீய்ச்சி, நுரை தெளித்து, அரை மணியில் வண்டியை வெளியே தள்ளும் வாட்டர் வாஷ் கடைக்காரர்கள் இன்னொரு சாரார். கார் அழுக்காகும், அழுக்கானால் கழுவ வேண்டும் என்ற எளிய லௌகிகக் கொள்கையே இவ்விரு சாராருக்கும் போதுமானது. டீடெய்லிங் என்று வழங்கும் மூன்றாவது சம்பிரதாயமோ, தொழிற்சாலையிலிருந்து வந்த தினத்தில்கூடக் கார் போதிய அளவு சுத்தமாக இருந்ததில்லை என்னும் தீவிர வைராக்கியத்திலிருந்து பிறப்பது. அதில் இறங்கியவனுக்குக் கரையேற்றம் கிடையாது.

நம் அன்பர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர். ஆனால் அவரை அறிய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்க வேண்டும். ஒரு வாளியில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் வெறும் நீர். இரண்டின் அடியிலும், தங்கின மணல் மறுபடி கிளம்பாதிருக்க ஒரு பிளாஸ்டிக் சல்லடை. கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவாரேயல்லாமல், சக்கரத்தோரத்து மணலைப் பானட்டுக்கு ஏற்றும் மகாபாதகத்தை ஒருநாளும் செய்யமாட்டார். கழுவி முடித்தபின் ஒரு திரவத்தைத் தெளித்துவிட்டுக் கைகட்டி நிற்பார். பிரேக்கிலிருந்து பறந்துவந்து பெயின்டில் குத்திக்கொண்டிருக்கும் கண்ணுக்குப் புலப்படாத இரும்புத் துகள்கள் அதில் கரைந்து, வெள்ளைக் கதவின்மீது ஊதா ஊதாவாக வடிய, அழுகிய முட்டையின் நாற்றம் இரண்டாம் மாடி வரை எழும்பும். பால்கனியில் துணி காயப்போடும் பெண்மணிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போவார்கள். அன்பரோ, இந்த நிறத்தைக் காண்பதற்காகவே பிறவி எடுத்தவராக அசையாமல் நிற்பார். அப்புறம் கிளே பார் என்னும் பசையுருண்டையால் கதவுகளைத் தேய்ப்பார். தேய்த்தது போதுமா என்று எப்படித் தெரியும்? கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு பெயின்டைத் தடவிப் பார்ப்பார். வெறும் விரலுக்கு அகப்படாத சொரசொரப்பெல்லாம் அந்தப் பைக்குள் இருக்கும் விரலுக்கு அகப்படும் என்பது இந்தச் சாஸ்திரத்தின் ரகசியங்களுள் ஒன்று.

இவ்வளவையும் பார்த்துக்கொண்டு கடந்துபோகும் ஜனங்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "என்ன சார், வண்டிய விக்கப் போறீங்களா?" விற்காத பொருளை ஒருவன் இத்தனை சிரத்தையாகத் துடைப்பான் என்பதை நம் சமூகம் நம்புவதில்லை. இல்லை என்று தெரிந்தவுடன் அடுத்த வாக்கியம் வரும்: "அப்ப நம்ம வண்டியையும் ஒரு நாள் பாருங்களேன்." தொழிலின் பீஜம் இந்த வாக்கியத்தில் இருக்கிறது. ஆயினும் பீஜம் விருட்சமாகும் கணம் எது என்பதில்தான் ஆசாரியர்களுக்குள் அபிப்பிராய பேதம்.

முதலில் உபகரணவாதிகளின் பட்சத்தை எடுத்துக்கொள்வோம். பாலிஷ் மெஷின் வாங்கின அன்றே ஒருவன் தொழிலாளியாகிவிடுகிறான் என்பது அவர்கள் மதம். வாங்கி ஒரு மாதம் ஓட்டிவிட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டவர்களை நாம் அறிவோமாதலால் இது நில்லாது. விசிட்டிங் கார்டு அச்சிட்டு, வாட்ஸ்அப்பில் படம் மாற்றி, கருப்புச் சட்டையில் ஒரு பெயரையும் எழுதிக்கொண்டால் தொழில் வந்துவிட்டது என்பவர்கள் பெயர்ப்பலகைவாதிகள். அவர்களோடு வாதம் வேண்டாம். சட்டவாதிகளின் பட்சம் சற்றுக் கனமானது: அரசாங்கம் எவனைத் தொழிலன் என்று அறிகிறதோ அவனே தொழிலன் என்கிறார்கள். ஆனால் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவை, ஆதார் எண்ணை வைத்துக்கொண்டு, காசு செலவில்லாமல், வீட்டில் உட்கார்ந்தபடியே செய்துவிடலாம், ஜி.எஸ்.டி. பதிவோ, சேவைத் தொழில் செய்கிறவனுக்கு ஆண்டு வரவு 20 லட்ச ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆக, முன்னது தொழில் தொடங்குமுன்பே வந்துவிடக்கூடியது. பின்னது தொழில் முற்றிப் பழுத்தபின் வருவது. இடையிலுள்ள கணத்தை இரண்டும் காட்டுவதில்லை.

மிஞ்சியிருப்பவர்கள் காசுவாதிகள். கூலி வாங்கினால் தொழில், வாங்காவிட்டால் ஆசை என்ற இவர்களுடைய சூத்திரம் பார்வைக்கு அப்பழுக்கற்றது. நம்முடைய நாட்டில் பந்துக்கள் என்றொரு வர்க்கம் இல்லாதிருந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டு கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம்.

அன்பருடைய தாய்மாமன், பத்து வருஷமாக வேப்பமரத்தடியில் நின்று காக்கை எச்சத்தின் அமிலத்தால் பானட்டெங்கும் வட்ட வட்டமாகத் தழும்பு விழுந்த ஒரு வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து, "சும்மா ஒரு தடவ தொடச்சுக் குடு மாப்ளே, பொண்ணு பாக்க வர்றாங்க" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டு மாடியேறி, அக்காளுடைய கையால் காபி சாப்பிடப் போய்விட்டார். சும்மா ஒரு தடவை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. முடிவில் வண்டியைச் சுற்றிவந்த மாமா, "பரவால்லியே, புதுசாட்டம் இருக்கே" என்று சிலாகித்து, பெட்ரோலுக்கு வைத்துக்கொள் என்று ஒரு நூறு ரூபாய்த் தாளைச் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போனார். செலவான திரவங்கள் மாத்திரமே அந்தத் தாளைப் போல் பல தாள்கள் பெறும். இங்கே காசு கைமாறியிருக்கிறது, தொழில் நடந்ததா? நடக்கவில்லை என்று குழந்தையும் சொல்லும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழியை மாமாவும் அறிவார். ஆனால் அதை அவர் கடன் கேட்க வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறார்.

எனவே சித்தாந்தத்துக்கு வருமுன் திருஷ்டாந்தம் ஒன்று தேடிக் கடல் கடக்க வேண்டியிருக்கிறது. 1941-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பெஞ்சமின் ஹிர்ஷ் என்பவர் 500 டாலர் முதலோடு, குளியல் தொட்டியில் கார் மெழுகு கலக்கி விற்கத் தொடங்கினார். ரிக்லி ஃபீல்டு என்னும் பேஸ்பால் மைதானத்துக்கு அருகே நிறுத்தப்பட்டிருக்கும் கார்களில், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மட்கார்டை மாத்திரம் பளபளவென்று துடைத்துவைத்துவிட்டு, உடைமைக்காரர்கள் திரும்பி வரும்வரை அவர் காத்துக்கொண்டிருப்பார் என்று சொல்வதுண்டு. ஒரு மட்கார்டு மின்ன மற்ற மூன்றும் மங்கிக் கிடக்கும் வண்டியை எந்த மனிதன் மனமொப்பி ஓட்டிக்கொண்டு போவான்? அந்த மெழுகுதான் பிற்காலத்தில் டர்ட்டில் வாக்ஸ் என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. உரையாசிரியர்கள் இக்கதையில் அவர் துடைத்த மட்கார்டையே போற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் போற்றுவது, துடைக்காமல் விட்ட மூன்றை. நம் அன்பராயிருந்தால் யாரும் கேட்குமுன்பே நான்கையும் துடைத்து, டிக்கிக்குள் இருக்கும் ஸ்டெப்னிக்கும் கறுப்புப் பூசி வைத்திருப்பார்.

ஆகவே நம்முடைய சித்தாந்தம்: ஒருவன் எப்போது துடைப்பதை நிறுத்தக் கற்றுக்கொள்கிறானோ அப்போதே அவனுடைய ஆசை தொழிலாகிறது. இதற்குப் பிரமாணம் பெயின்டிலேயே இருக்கிறது. காரின் நிறத்துக்கு மேலே பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலத்தின் கனம் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான். மனிதனின் தலைமயிரே சுமார் 70 மைக்ரான் இருக்கும். உலகத்தார் கீறலைப் போக்குவது என்று எதைச் சொல்கிறார்களோ அது, உண்மையில், கீறலைச் சுற்றியுள்ள பழுதற்ற படலத்தையும் கீறலின் ஆழத்துக்கு அரைத்து இறக்கிவிடுவதே. ஒவ்வொரு முறை காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசை போட்டு மெஷின் ஓட்டும்போதும் ஓரிரு மைக்ரானோ அதற்கு மேலோ போகிறது, போனது திரும்புவதில்லை. கனம் பார்க்கும் சாதாரண மீட்டரும் பிரைமர், நிறம், கிளியர் கோட் அனைத்தையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லுமேயன்றி, மேலே மிச்சமிருப்பது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. பூரணத்துவத்தை நாடி மேலும் மேலும் தேய்க்கிறவன், ஒருநாள் பிரைமரைத் தரிசிக்கிறான்.

இந்தப் பேருண்மை அன்பருக்கு விளங்கிய தினத்தில் நாம் ஜன்னலில் இருந்தோம். மூன்றாம் மாடிக்காரரின் கருநீலக் கார். கதவுப் பிடிக்குக் கீழே யாரோ சாவியால் இழுத்த ஒரு கோடு. அன்பர் அதன்மேல் சுண்டுவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார், நகம் மாட்டியது. இன்னொரு முறை ஓட்டினார், மறுபடியும் மாட்டியது. நகம் மாட்டினால் தேய்க்காதே என்பது தொழிலில் பழுத்தவர்களின் விதி. முந்தைய அன்பராயிருந்தால் இரவு ஒன்பது மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோட்டோடு மல்லுக்கு நின்றிருப்பார். இவர் மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார், உடைமைக்காரரைக் கூப்பிட்டார், "சார், இந்த ஒரு கோடு மட்டும் போகாது. போக்கணும்னா பெயின்டே போயிடும். மத்ததெல்லாம் முடிஞ்சுது" என்றார். தொடர்ந்து, குரலைத் தாழ்த்தாமலும் தரையைப் பார்க்காமலும் ஒரு தொகையைச் சொன்னார். மணி நாலு. அந்த மனிதர் போனை எடுத்து அப்போதே பணம் அனுப்பினார்.

அந்தத் தொகையைச் சொல்வதற்கு முன்னால் நடந்த கணக்கை இங்கே சிறிது பிரஸ்தாபிக்க வேண்டும். ஏனென்றால் பிறர் கணக்கைப் பார்த்து ஜீவிக்கும் இந்த அன்பர், தம்முடையதில் பாட்டில்களின் விலையை மட்டுமே அதுவரை எழுதிவந்தார். போகும் பொழுதுக்கு விலை போடவில்லை. மெஷின் குடிக்கும் கரண்டு பொது மீட்டரில் ஓடுகிறது என்பதை அசோசியேஷன் செக்ரட்டரி எடுத்துச் சொல்லும்வரை அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர் விஷயத்தில் செக்ரட்டரியோடு பேசித் தப்பிக்கவே முடியாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சோழவரமும் செம்பரம்பாக்கமும் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் இன்றும் ஒரு வாளி வழிவதைச் சகிப்பதில்லை. அதன்பின் அன்பர் ஒரு வாளியில் மருந்து கலந்து, அலசாமலே துடைத்து முடிக்கும் முறைக்கு மாறினார். துணி அதிகம் பிடித்தது. அந்த மைக்ரோஃபைபர் துணிகள் மடித் துணி மாதிரி: மற்றவற்றோடு சேரக்கூடாது, கம்ஃபர்ட் படக்கூடாது, பனியனிலிருந்து ஒரு பஞ்சிழை ஒட்டினாலும் தீட்டு. வீட்டு வாஷிங் மெஷினில் இவற்றுக்கென்று தனி ஈடு போட ஆரம்பித்ததும், "துணிக்குத் தனி மெஷின் வாங்குங்க, இல்லாட்டி எனக்குத் தனி வீடு பாருங்க" என்று அவருடைய மனைவி சொன்ன வார்த்தையே, மேடவாக்கம் பக்கத்தில் தகரக் கொட்டகை ஒன்று வாடகைக்கு எடுப்பதற்கு மூலகாரணமாயிற்று. முதலீட்டைப் பற்றி எழுதும் பண்டிதர்கள் இத்தகைய காரணங்களைக் குறிப்பிடுவதில்லை.

வாடகை என்று ஒன்று வந்தபின் சித்தாந்தம் தானே பலப்பட்டது. திங்கட்கிழமையும் கொட்டகைக்கு வாடகை உண்டு. செராமிக் கோட்டிங் போட வந்த வண்டி ஓர் இரவாவது உள்ளேயே நிற்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தச் சிலிக்காத் திரவம் பூசின சில நிமிஷங்களிலேயே இறுகத் தொடங்குவதால், கை ஒரு மூலையில் தயங்கினால் வானவில் நிறத்தில் ஒரு திட்டு நின்றுவிடும், அதை எடுக்க மறுபடி மெஷின். ஆகையால் கொட்டகைக்குள் வேடிக்கை பார்க்கவும் கதை பேசவும் யாருக்கும் அனுமதி இல்லை. மாமா மறுபடி வந்தபோது சுவரில் ஒட்டியிருந்த ரேட் கார்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். "நமக்கும் இதானா?" என்றார். "உங்களுக்கு டயருக்கு பாலிஷ் ஃப்ரீ மாமா" என்றார் அன்பர். மாமா அன்று வண்டியை விட்டுவிட்டுப் போகவில்லை. மறுமாதம் விட்டுவிட்டுப் போனார்.

தொழிலுக்கு வந்த மிகக் கடினமான பரீட்சை ஆயுத பூஜை. அதற்கு முந்தைய வாரம் கொட்டகையில் இடமில்லை. பூஜைக்கு முதல்நாள் மாலை, பல ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கோட்டிங் போட்டுக்கொண்ட ஒரு குடும்பம் வண்டியை எடுக்க வந்தது. சந்தனமும் குங்குமமும் காய்ந்து, வெயிலில் வெந்து, பெயின்டைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை அறிந்த அன்பர், பொட்டை முன்கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாமே என்று விநயமாக ஒரு யோசனை சொன்னார். வீட்டுப் பெரியவளான அம்மாள், சாமி காரியத்தில் என்ன கண்ணாடி என்று கேட்டுவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள். பழைய அன்பர் கலங்கியிருப்பார், மைக்ரான் கணக்கை எடுத்து ஓதியிருப்பார், மறுநாள் பூஜைக்கே ஈரத்துணியோடு போய் நின்றிருப்பார். இவர் சாவியைக் கொடுத்தார்; "சாயங்காலமே தண்ணி விட்டு ஊறவெச்சு எடுத்துடுங்கம்மா, காய விடாதீங்க" என்றார்.

நான்காம் நாள் வண்டி வந்தது. பானட்டில் மூன்று பொட்டு, நன்றாகக் காய்ந்து. சக்கரத்தில் எலுமிச்சம்பழச் சக்கை. ரேட் கார்டில் இதற்கென்று தனியாக ஒரு வரி அதற்குள் எழுதப்பட்டிருந்தது.